ஒரு படத்துக்கு அஞ்சு செகண்டு: தெருப்பட போட்டி நடத்துறவங்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

போட்டி ஏற்பாடு பண்றவங்களுக்கும், போன தடவை என்னோட சேர்ந்து மார்க் போட்ட நடுவர்களுக்கும் வணக்கம்.

இந்த வருஷமும் முதல் சுற்று பாத்து தர முடியுமான்னு கேட்டிருந்தீங்க. உடனே பதில் போடல, மன்னிச்சிருங்க. உங்களுக்கு மட்டும் தனியா எழுதி அனுப்பியிருக்கலாம், ஆனா நான் சொல்ல வர்றது இந்த ஒரு போட்டியோட முடியிற விஷயம் இல்ல, ஸ்ட்ரீட் போட்டோகிராபி, அதாவது தெருவுல நடக்குறத படம் எடுக்குறது, அதுக்கு போட்டி யார் எங்க நடத்தினாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான் நடக்குது, படம் அனுப்புறவங்களுக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும், அதனால எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன்.

போன தடவை என் பங்குக்கு வந்தது 1,400 படத்துக்கு கொஞ்சம் மேல. ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்டாப்ப திறந்தேன், பதினொண்ணு அடிக்கிறதுக்குள்ள முடிச்சிட்டேன். வேலைய சீக்கிரம் முடிச்சிட்டோம்னு அப்ப பெருமையா கூட இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் கணக்கு போட்டு பாத்தா ஒரு படத்துக்கு அஞ்சு செகண்டு தான் வருது, அதுலயும் தருணம், காம்போசிஷன் (ஃப்ரேமுக்குள்ள எது எங்க இருக்குங்கிறது), ஒளின்னு மார்க் ஷீட்டுல இருக்குற மூணு கட்டத்துல பத்துக்கு இத்தனைன்னு டைப் பண்ற நேரத்த கழிச்சா என் கண்ணு படத்து மேல இருந்தது ரெண்டு செகண்டோ மூணு செகண்டோ. ஒருத்தர் மாசக்கணக்கா தெருத்தெருவா நடந்து, ஆயிரம் படத்துல ஒண்ண பொறுக்கி, அனுப்பலாமா வேணாமான்னு நாலு நாள் யோசிச்சு அனுப்புன படத்துக்கு நான் கொடுத்த மரியாதை அவ்ளோதான்.

ரெண்டு செகண்டுல எந்த படம் ஜெயிக்கும்னு உங்களுக்கும் தெரியும். இருட்டு சுவத்துல ஒரு பட்டை வெளிச்சம், அதுக்குள்ள தொப்பி போட்ட ஒரு ஆளோட நிழலுருவம். மழைல செவப்பு குடை. விளம்பர போஸ்டர்ல இருக்குற பெரிய கை நடந்து போறவர் தலைய புடிச்சு தூக்குற மாதிரி. பலூன் மறைச்சதால தலையே பலூனா ஆன ஆள். இந்த மாதிரி படம் எடுக்குறது லேசு இல்ல, ஒரே இடத்துல மணிக்கணக்கா காத்து நிக்கணும், பொறுமை வேணும், அதிர்ஷ்டமும் வேணும், நானும் எடுத்திருக்கேன், சிலது நிஜமாவே அருமையா இருந்துச்சு. ஆனா பாத்ததும் புரிஞ்சிடும், புரிஞ்சதும் முடிஞ்சிடும். விடுகதைக்கு விடை தெரிஞ்சப்புறம் அதே விடுகதைய யாரும் திரும்ப கேக்க மாட்டாங்க பாருங்க, அப்படி. நாம தொடர்ந்து இதுக்கே பரிசு கொடுக்கறோம், அடுத்த வருஷம் அதே பட்டை வெளிச்சம் நூறா வருது, அப்புறம் நாமளே உக்காந்து "எல்லாரும் ஒரே மாதிரி எடுக்கறாங்கப்பா"ன்னு சலிச்சுக்கறோம்.

இப்ப 712ஆவது படத்த பத்தி சொல்லணும். இத எழுத காரணமே அந்த படம் தான்.

மேகம் மூடுன பகல், சப்புன்னு ஒரு வெளிச்சம், நிழலே இல்ல. பஸ் ஸ்டாப். முப்பது வயசு இருக்குற ஒரு பொண்ணு நிக்கிறாங்க, பக்கத்துல ஒருத்தர் போன பாத்துக்கிட்டு இருக்கார், வலது ஓரத்துல பஸ்ஸோட மூக்கு கலங்கலா உள்ள வருது. அந்தம்மா பஸ்ஸ பாக்கல, அது வர்றதுக்கு எதிர் பக்கமா திரும்பி ரோட்டோட நீளத்துக்கும் பாத்துக்கிட்டு இருக்காங்க. இடது கைல ஒரு சின்ன புள்ளையோட ஷூ. ஒத்த ஷூ. படத்துல புள்ள இல்ல. அவ்ளோதான் படம். நான் போட்டது தருணம் 4, காம்போசிஷன் 5, ஒளி 3, மொத்தம் 12, அடுத்த சுற்றுக்கு போக 18 வேணும், அடுத்த படம்.

மூணாவது நாள் காலைல பல்லு விளக்கிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு தோணுச்சு, அந்த புள்ள எங்க? அன்னிக்கு பூரா அது மனச விட்டு போகல. சாயங்காலம் போல்டர திறந்து தேடி எடுத்து இருபது நிமிஷம் பாத்தேன். முதல்ல, தூக்கிட்டு போற புள்ளையோட ஷூன்னு தான் நெனச்சிருந்தேன். பெருசு பண்ணி பாத்தா ஷூவோட ஒட்டுப்பட்டை ஒட்டினபடியே இருக்கு. நாம கழட்டுன ஷூன்னா பட்டை தொறந்து தானே தொங்கும்? இது கால்ல இருந்து தானா உருவி விழுந்த ஷூ. அப்படின்னா யாரோ ஒரு புள்ளைய தூக்கிட்டு போயிருக்காங்க, கால் ஆட்டிக்கிட்டே போன புள்ளையோட ஷூ விழுந்திருக்கு, இவங்க அத எடுத்து வச்சுக்கிட்டு, தேடி யாராச்சும் திரும்பி வருவாங்களான்னு பாக்கறாங்க, இவங்க போக வேண்டிய பஸ் பின்னாடி வந்து நிக்குது. இல்ல, இதெல்லாம் நானா கட்டிக்கிட்ட கதையாவும் இருக்கலாம். அவங்க புள்ளையோடதாவே இருக்கலாம். ஆனா அந்த மூஞ்சில இருந்த அந்த ரெண்டுங்கெட்டான் நிலைமை, போகவா நிக்கவா, அத நான் வேற எந்த படத்துலயும் பாக்கல. 1,400 படத்துல எனக்கு இப்ப ஞாபகம் இருக்குறது மொத்தம் ஏழோ எட்டோ, அதுல முதல்ல இருக்குறது இது, நான் 12 மார்க் போட்டு கழிச்சது.

உங்ககிட்ட கேட்டேன், திரும்ப சேக்க முடியுமான்னு. ஷார்ட்லிஸ்ட் போயாச்சுன்னு சொன்னீங்க, அது சரி, விதி விதி தான். ஆனா கூட இருந்த ஒரு நடுவர் படத்த பாத்துட்டு "நல்லா தான் இருக்கு, ஆனா இதுல தருணம் எங்கங்க இருக்கு?"ன்னு கேட்டார். அவர் மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு. அந்த கேள்விக்கு அன்னிக்கு பதில் வரல, இப்ப சொல்றேன்.

தருணம்ங்கிற சொல்ல நாம பிரெஞ்சு போட்டோகிராபர் கார்த்தியே ப்ரெஸோன்கிட்ட இருந்து தான் வாங்கி வச்சிருக்கோம். 1952ல வந்த அவரோட புத்தகத்துக்கு இங்கிலீஷ்ல தீர்மானமான தருணம்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க, அந்த பேர் தான் உலகம் பூரா ஒட்டிக்கிச்சு. ஆனா பிரெஞ்சுல புத்தகத்தோட பேரே வேற. லைசென்ஸ் இல்லாம தெருவுல கடை விரிச்சு, போலீஸ் வந்தா அள்ளி சுருட்டிக்கிட்டு ஓடுற மாதிரி விக்கிறதுக்கு அங்க ஒரு சொல் இருக்கு, அந்த சொல்ல வச்சு, அப்படி அவசரமா கமுக்கமா எடுத்த படங்கள்னு தான் பேர். ரெண்டுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. ஒண்ணுல எல்லாம் கச்சிதமா கூடி வர்ற ஒரு உச்சம் இருக்கு, இன்னொண்ணுல பதட்டமும் கைநடுக்கமும் தான் இருக்கு. நாம முதலாவத மட்டும் எடுத்து மார்க் ஷீட்டுல ஒரு கட்டமா ஆக்கிட்டோம். தண்ணி மேல கால் படறதுக்கு முன்னாடி அந்தரத்துல நிக்கிற ஆள் இருந்தா பத்து, பஸ் ஸ்டாப்புல காத்து நிக்கிறவங்கன்னா நாலு. காத்து நிக்கறதும் தருணம் தாங்க. தாவுறவரோட தருணம் ஒரு நொடி, இவங்களோடது ஒரு பத்து நிமிஷம், அதுல எந்த நொடியில ஷட்டர் விழுந்தாலும் அந்த தவிப்பு இருந்திருக்கும்.

அந்த தாவுற மனுஷன் படத்தையே எடுத்துக்கங்க, ப்ரெஸோன் எடுத்தது தான், 1932, பாரிஸ்ல ஒரு ரயில் ஸ்டேஷனுக்கு பின்னாடி. பலகை வேலி இடுக்கு வழியா எடுத்தது, லென்ஸ் முழுசா நுழையல, அதனால இடது பக்கம் வேலி மறைச்சது, அத வெட்டி எடுத்துட்டு தான் பிரிண்ட் போட்டாங்க. க்ராப் பண்ணவே கூடாதுன்னு காலம் பூரா பிடிவாதமா இருந்தவரோட ரொம்ப பிரபலமான படம் க்ராப் பண்ண படம். உங்க விதிமுறைல ஆறாவது பாயின்ட் "க்ராப் அனுமதி இல்லை". அந்த படம் நம்ம போட்டிக்கு வந்திருந்தா முதல் சுற்றுக்கே வந்திருக்காது. அந்த பாயின்ட்ட தயவுசெஞ்சு எடுத்துருங்க. ஃப்ரேம் ஓரத்த கண்ணால ஒழுங்கா பாத்து எடுக்க பழகணும்ங்கிறது நல்ல பயிற்சி, நானும் அப்படித்தான் பழகுனேன், அது பயிற்சியாவே இருக்கட்டும்.

ஒளின்னு ஒரு கட்டம், அதுக்கு கீழ சின்ன எழுத்துல "ஷார்ப்னெஸ் உட்பட"ன்னு இருக்கு, படம் கலங்காம தெளிவா இருக்கணும்னு அர்த்தம். ராபர்ட் ஃப்ராங்க்னு ஒரு போட்டோகிராபர் 1955ல கிளம்பி அமெரிக்கா பூரா கார்ல சுத்தி கிட்டத்தட்ட 28,000 படம் எடுத்தார், புத்தகத்துல வச்சது 83. அமெரிக்கப் பதிப்பு 1959ல வந்தப்ப அங்க இருந்த ஒரு பெரிய போட்டோகிராபி பத்திரிகைல, அர்த்தமில்லாத கலங்கல், குருணை குருணையா புள்ளி, சேறு மாதிரி மங்கின எக்ஸ்போஷர், சாஞ்சு கிடக்குற தொடுவானம்னு திட்டி எழுதுனாங்க. எழுதுனவங்க விஷயம் தெரிஞ்சவங்க, அதான் இதுல நாம கவனிக்க வேண்டியது. அவங்க கைல இருந்த மார்க் ஷீட்டுக்கு அந்த படங்கள் நிஜமாவே ஃபெயில் தான். ஜப்பான்ல 1968ல ஆரம்பிச்ச ப்ரோவோக்ங்கிற போட்டோகிராபி பத்திரிகை மூணே இதழ் தான் வந்துச்சு, கரடுமுரடா, கலங்கலா, ஃபோகஸ் போனதா, வேணும்னே அப்படி எடுத்தாங்க, தாய்டோ மொரியாமாங்கிற போட்டோகிராபர் ரெண்டாவது இதழ்ல சேர்ந்தார், இன்னிக்கு பாதி பேர் அவர மாதிரி எடுக்கணும்னு தான் தெருவுல இறங்குறாங்க. இப்ப ப்ளர் பண்றது ஃபேஷன் ஆயிடுச்சு, சும்மா ஆட்டிவிட்டு எடுத்த படங்களும் என் பங்குல நிறைய இருந்துச்சு, அதுக்கெல்லாம் பரிசு கொடுங்கன்னு நான் கேக்கல. ஃபோகஸ் இருக்கா இல்லையான்னு பாத்து மார்க் போடாதீங்க, அந்த கலங்கல் அந்த படத்துக்கு என்ன செய்யுதுன்னு பாருங்கன்னு தான் கேக்கறேன். அதுக்கு நேரம் வேணும், எங்க சுத்தினாலும் நேரத்துல தான் வந்து நிக்கிறேன்.

அமெரிக்க போட்டோகிராபர் கேரி வினோக்ராண்ட் ஃபிலிம் எடுத்துட்டு வந்து ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழுவாமலே போட்டு வைப்பார். எடுத்தப்ப இருந்த உற்சாகம் படத்த தப்பா எடை போட வச்சிரும், அது அடங்கட்டும்னு. 1984ல அவர் சாகும்போது கழுவாத ரோல் மட்டும் சுமார் 2,500 கிடந்துச்சு. தன் படத்த தானே பாக்க அவ்ளோ காலம் தள்ளி வச்சவர் ஒருத்தர், அடுத்தவங்க படத்த அஞ்சு செகண்டுல முடிக்கிற ஆள் நான்.

சரி, ப்ளாக் அண்ட் ஒயிட்டா கலரான்னு பைனல் சுற்றுல ஒரு மணி நேரம் சண்டை போட்டோம் இல்லையா, அத பத்தி நான் ஒண்ணும் சொல்ல போறதில்ல, நியூயார்க் போட்டோகிராபர் சால் லைட்டர் 1940கள் கடைசியிலயே மழை கண்ணாடி வழியா கலர்ல எடுத்து வச்சத ஒரு புத்தகமா உலகம் பாத்தது 2006ல, அந்த ஒண்ணு போதும்.

அந்த சண்டைல எனக்கு வேற ஒண்ணு தான் உறுத்துச்சு. நாம மூணு பேரும் மூணு விதம். ஒருத்தருக்கு கோடும் வடிவமும் கச்சிதமா உக்காந்திருக்கணும், ஒருத்தருக்கு மனுஷங்களோட மூஞ்சி கிட்டத்துல தெரியணும், எனக்கு பதில் கிடைக்காத ஏதோ ஒண்ணு படத்துல மிச்சம் இருக்கணும். மூணும் நியாயம் தான். ஒவ்வொருத்தரும் உசுரா புடிச்சுக்கிட்ட படத்துக்கு மத்த ரெண்டு பேரும் கொறைவா போட்டோம், கூட்டி மூணால வகுத்தோம், கடைசில ஜெயிச்சது யாருக்கும் பெருசா புடிக்காத, யாருக்கும் புடிக்காமலும் போகாத ஒரு படம். அத எடுத்தவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அறிவிப்புல "நடுவர்கள் ஒருமனதாக"ன்னு போட்டாங்க, அது உண்மை இல்ல. மேக்னம் மாதிரி பெரிய போட்டோ ஏஜென்சிலயே 1994ல மார்ட்டின் பார்ங்கிற போட்டோகிராபர சேக்கலாமா கூடாதான்னு பெரிய தகராறு, அவர் படங்கள் மனுஷங்கள கேலி பண்ணுதுன்னு மூத்தவங்க பலர் எதிர்த்தாங்க, நூலிழைல தான் உள்ள வந்தார், பின்னாடி அவரே அதுக்கு தலைவர் ஆனார். அந்த சண்டைய அவங்க மூடி மறைக்கல, அதனால தான் இன்னிக்கும் நாம அத பேச முடியுது. நம்ம சண்டைய ஏன் மறைக்கணும்?

அடுத்தது போஸ். "செட்டப் செய்த படங்கள் தகுதி நீக்கம்"னு இருக்கு, இத நான் எடுக்க சொல்ல மாட்டேன், ஆனா அதுல இருக்குற காரணத்த மாத்தணும். பிரெஞ்சு போட்டோகிராபர் டுவானோவோட பாரிஸ் முத்தம் படம், 1950ல ஒரு பத்திரிகைக்காக எடுத்தது, நடிப்பு படிச்சுக்கிட்டு இருந்த ஒரு காதல் ஜோடிய நடக்க விட்டு எடுத்தார். நாப்பது வருஷத்துக்கு மேல உலகம் அத தெருவுல தற்செயலா கிடைச்ச முத்தம்னு நம்புச்சு, 1990கள்ல அது நாங்க தான்னு வேற ஒரு ஜோடி கோர்ட்டுக்கு போனப்புறம் தான் அவரே உண்மைய சொன்னார். படம் அதே படம் தான், ஒரு புள்ளி கூட மாறல, ஆனா தெரிஞ்சப்புறம் என்னால பழைய மாதிரி பாக்க முடியல. வில்லியம் க்ளைன் எடுத்த, துப்பாக்கிய கேமராவுக்கு நேரா நீட்டுற பையன் படம், மொரட்டுத்தனமா மூஞ்ச வச்சுக்கன்னு அவர் சொன்னதுக்கு பையன் காட்டுன மூஞ்சி அது, அத அவர் ஒளிக்கல. அந்த படம் எனக்கு கொஞ்சம் கூட கொறையல, ஏன்னா போட்டோகிராபரும் பையனும் சேர்ந்து ஆடுன ஆட்டம் படத்துலயே தெரியுது. அதனால எப்படி எடுத்தீங்கன்னு ரெண்டு வரி எழுத சொல்லுங்க, பொய் எழுதுனா வெளிய அனுப்புங்க. சொல்லி எடுத்தேன்னு ஒருத்தர் நேர்மையா எழுதுனா அத ஒதுக்க நமக்கு என்ன இருக்கு?

இனி நான் சொல்ல போறதுல எனக்கு கோவம் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுத்துக்கங்க.

என் பங்குல எண்ணி பாத்தேன், தெருவோரம் தூங்குறவங்க படம் 61. அதுல பாதிக்கு மேல ஒரே டிசைன், கீழ படுத்திருக்கவர், மேல சொகுசு மெத்தை விளம்பரமோ நகை விளம்பரமோ சிரிச்சுக்கிட்டு. உலகத்தோட ஏற்றத்தாழ்வ காட்டுறேன்னு எழுதியிருப்பாங்க. தூங்குறவருக்கு தெரியாது தான் ஒரு ஜோக்குல பாதியா ஆயிட்டோம்னு. நான் இத வெளிய நின்னு சொல்லல. பல வருஷம் முன்னாடி நானும் ஒரு படிக்கட்டுல தூங்குன பெரியவர குனிஞ்சு எடுத்தேன், ரெண்டாவது க்ளிக் சத்தத்துல கண்ண தொறந்தார். திட்டுவார்னு பாத்தேன். திட்டல. எழுந்து உக்காந்து, தலைய கையால அவசர அவசரமா கோதிக்கிட்டு, சட்டை பட்டன போட்டுக்கிட்டு, கேமராவ பாத்து நேரா உக்காந்தார். போட்டோ எடுக்கறாங்கன்னா நாம எல்லாரும் என்ன செய்வோமோ அதான். நான் அந்த மூணாவது படத்த எடுக்கல, ஏன்னா அப்ப எனக்கு கேண்டிட், அதாவது ஆளுக்கு தெரியாம எடுக்குறது தான் சுத்தமான ஸ்ட்ரீட்ங்கிற பைத்தியம், சாரின்னு சொல்லிட்டு நடந்துட்டேன். அவர் பட்டன் போட்ட அந்த விரலு இன்னும் கண்ணுலயே இருக்கு. போட்டோவா இல்ல.

கேக்காம எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல, அப்படி சொன்னா இந்த கலையே இல்ல, 712ஆவது படமும் கேக்காம எடுத்தது தான். வாக்கர் எவன்ஸ்ங்கிற போட்டோகிராபர் 1938ல இருந்து 1941 வரைக்கும் நியூயார்க் சுரங்க ரயில்ல கோட்டுக்குள்ள கேமராவ ஒளிச்சு வச்சு எதிர்ல உக்காந்தவங்கள எடுத்தார், ஆனா புத்தகமா போட்டது 1966ல, கால் நூற்றாண்டு கழிச்சு. டிகோர்சியாங்கிற போட்டோகிராபர் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ஃப்ளாஷ் கட்டி வச்சு போறவங்க மூஞ்சிய எடுத்தப்ப அதுல இருந்த ஒரு பெரியவர் தன் மத நம்பிக்கைக்கு விரோதம்னு வழக்கு போட்டார், 2006ல கோர்ட்டு அது கலைன்னு சொல்லி தள்ளுபடி பண்ணிடுச்சு. சட்டப்படி சரி. நமக்கு சட்டத்துக்கு மேல ஒரு கேள்வி கேக்க உரிமை இருக்கு இல்லையா, பரிசு கொடுக்கறது நாம தானே? அந்த ஆள் இந்த படத்த பாத்தா என்ன நெனப்பார்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கறதுக்கு என்ன கஷ்டம்? அந்த ஷூ வச்சிருந்தவங்க தன் படத்த பாத்தா, அட அன்னிக்கு நானா இதுன்னு தான் நெனப்பாங்க. அந்த 61ல எத்தனை பேர் அப்படி நெனப்பாங்க, சொல்லுங்க.

இப்ப நீங்க கேட்டதுக்கு பதில். வர்றேன், ஆனா இப்படி வேணும். ஒருத்தருக்கு 1,400 படம் கொடுக்காதீங்க, முதல் சுற்றுக்கு ஆள கூட்டுங்க, ஒருத்தருக்கு முந்நூறு போதும். முதல் நாள் பாத்து கழிச்சத ஒரு வாரம் கழிச்சு திரும்ப ஒரு தடவை பாக்க விடுங்க, அந்த ஒரு வாரத்துல எது தானா ஞாபகம் வந்துச்சுன்னு எழுத ஒரு இடம் வைங்க, அந்த மூணு கட்டத்துக்கு பதிலா அது போதும். பைனல்ல கூட்டி வகுக்கற கணக்கு வேணாம், ஒவ்வொரு நடுவரும் மத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு படத்த தூக்கி வைக்கட்டும், ஏன்னு ஒரு பக்கம் தன் பேர போட்டு எழுதட்டும், மத்தவங்களுக்கு புடிக்கலன்னா ஏன் புடிக்கலன்னு அதுக்கு கீழயே எழுதட்டும். படிக்கிறவங்க அந்த சண்டைய பாத்து கத்துக்குவாங்க, நான் அப்படி தான் கத்துக்கிட்டேன். அஞ்சு ஆறு படம் சேர்ந்த தொடருக்கும் இடம் விடுங்க, ஃப்ராங்கோட 83ல இருந்து ஒண்ண மட்டும் உருவி அனுப்புனா நானே 12 மார்க் போட்டிருப்பேன். தூங்குறவங்க, சுயநினைவு இல்லாதவங்க, அழுதுக்கிட்டு இருக்கவங்க படம்னா எடுத்தவங்க அவங்ககிட்ட பேசுனாங்களா, என்ன பேசுனாங்கன்னு கேளுங்க.

இதெல்லாம் பண்ணா வேலை ஜாஸ்தி ஆகும், ரிசல்ட் ஒரு மாசம் தள்ளி போகும், தெரியும். தள்ளி போகட்டும், என் பங்கு வேலைய நான் பாத்துக்கறேன்.

அப்புறம் ஒரு உதவி. எனக்கு நம்பர் மட்டும் தான் காட்டுனாங்க, 712 எடுத்தவங்க பேரு உங்க லிஸ்ட்டுல இருக்கும். எனக்கு பேரு சொல்ல வேணாம், விதி இருக்கட்டும். அவங்களுக்கு ஒரு மெயில் மட்டும் போடுங்க, கழிச்சது நான் தான்னு சொல்லுங்க, மறுபடி அனுப்ப சொல்லுங்க. அந்த ஷூவ தேடி யாராச்சும் வந்தாங்களான்னும் கேளுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுத சொல்லுங்க.